தங்கக் கொத்து சரியாக அமையவில்லையா? குடுவையைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

டிசம்பர் வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். அப்படி ஒரு மதியம், எங்கள் ஆய்வகத்தில் வேலை பழகும் மாணவி குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவள் குடும்பம் நேட்டாலுக்கு வந்து ஐந்து தலைமுறை ஆகிறது. தமிழ், வீட்டில் ஆயாவிடம் கற்றது. "அண்ணா, கெட்டுப்போச்சு. கொட்டிடவா?" என்றாள். உள்ளே அழுக்குப் பழுப்பில் ஒரு கரைசல். கொட்டாதே, ராத்திரி முழுக்க வெந்நீர்க் குளியலில் வை என்றேன். மறுநாள் காலை அது அருமையாக அமைந்திருந்தது.

அன்றைக்கே எழுத நினைத்த குறிப்பு இது. தங்க நானோ கொத்து செய்யும் வேலையில் எது நிஜமாகவே கெட்டது, எது இன்னும் முடியாமல் நடுவழியில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும். கோளாறு கடைசிக் குடுவையில்தான் கண்ணுக்குப் படும். ஆனால் அது நடந்தது பெரும்பாலும் அதற்கு ஒன்றிரண்டு படி முன்னால். ஆகவே அறிகுறியைச் சொல்லி, எந்தப் படிக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

சரியாக நடந்தால் எப்படி இருக்கும்

நாங்கள் செய்வது 25 தங்க அணுக்களும் 18 குளூட்டாத்தயோன்களும் சேர்ந்த கொத்து. குளூட்டாத்தயோன் என்பது கந்தக முனை கொண்ட ஒரு சிறு மூலக்கூறு; அப்படிப்பட்டவற்றைத் தயோல் என்போம். ஆய்வகப் பேச்சில் தங்கம்-25. சாதாரணத் தங்க நானோ துகளுக்குச் சராசரி அளவுதான் சொல்ல முடியும். இதற்கு மூலக்கூறு வாய்பாடே உண்டு. ஒரு மூலக்கூறின் எடை ஏறத்தாழ 10,438 டால்டன். சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒன்றுபோல இருப்பது மாதிரி இதிலும் எல்லாக் கொத்தும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

செய்முறை இது. 50 மி.லி. மெத்தனாலில் குளோரோ ஆரிக் அமிலம் 0.25 மில்லிமோல், அதாவது மூன்று நீர் மூலக்கூறு கொண்ட வகையில் சுமார் 98 மி.கி. அதில் குளூட்டாத்தயோன் 1 மில்லிமோல், 307 மி.கி. ஐஸ் குளியலில் அரை மணி நேரம். பிறகு 12.5 மி.லி. ஐஸ் நீரில் அப்போதே கரைத்த சோடியம் போரோஹைட்ரைடு 95 மி.கி.; வேகமாகக் கலக்கிக்கொண்டே ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கரும்பழுப்புப் படிவைப் பிரித்து, மெத்தனாலில் கழுவி, நீரில் கரைத்து, கூடுதல் குளூட்டாத்தயோன் சேர்த்து 55 டிகிரி செல்சியஸில் சுமார் 12 மணி நேரம் கலக்க வேண்டும்.

இதில் மூன்று கட்டம் இருக்கிறது. நான் அவற்றை வெளுப்பு, பிறப்பு, அமர்வு என்று சொல்லிக்கொடுப்பேன். வெளுப்பில் மஞ்சள் நிறம் போகும்: மூன்று எலெக்ட்ரான் இழந்திருந்த தங்கம் (+3) இரண்டைத் திரும்பப் பெற்று +1 ஆகிறது. பிறப்பில் போரோஹைட்ரைடு எலெக்ட்ரான் கொடுக்க, தங்கம் தங்கத்தோடு ஒட்டிப் பல அளவில் கொத்துகள் உருவாகும். அமர்வில் அந்தக் கலவை மெல்ல மெல்ல ஒரே அமைப்புக்கு வந்து சேரும். கீழே வரும் ஒவ்வொரு கோளாறையும் இந்த மூன்றில் ஒன்றில் பொருத்திவிடலாம்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போரோஹைட்ரைடு ஊற்றியதும் ஹைட்ரஜன் கிளம்பும். புகைக்கூண்டுக்குள் மட்டுமே செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், குடுவையை இறுக்கி மூடவே கூடாது. ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் தங்கக் கழிவுக்குத் தனிப் பாட்டில் வைத்திருங்கள். அதில் சேர்வதை மீட்டு எடுக்கலாம்.

அறிகுறி: அரை மணி ஆகியும் மஞ்சள் போகவில்லை

போரோஹைட்ரைடைத் தொடாதீர்கள். வெளுப்பு முடியாமல் அடுத்த படிக்குப் போனால் பின்னால் வரும் எல்லாமே கெடும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு தங்கத்தை +3-இலிருந்து +1-க்கு இறக்க இரண்டு தயோல் செலவாகும். அவை இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து டைசல்ஃபைடு ஆகிவிடும். இறங்கிய தங்கத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொரு தயோல் வேண்டும். ஆக ஒரு தங்கத்துக்குக் குறைந்தது மூன்று. நாம் நான்கு போடுகிறோம், ஒன்றுதான் உபரி. உங்கள் குளூட்டாத்தயோன் பழசாகி அதில் ஒரு பங்கு ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தால் அந்த உபரி காணாமல் போகும். புதுப் பாட்டிலில் இருந்து கொஞ்சம் சேர்த்து இன்னும் அரை மணி பொறுத்துப் பாருங்கள். குளூட்டாத்தயோன் மெத்தனாலில் எளிதில் கரையாது, அதனால் இலேசான பால் கலங்கல் இருந்தால் பரவாயில்லை. மஞ்சள்தான் இருக்கக்கூடாது.

தங்க உப்பை எடை போடும்போது ஸ்டீல் கரண்டி வேண்டாம். ஒரு தடவை தொட்டால் போதும், கரண்டி நுனி கருத்துப்போகும். அந்தக் கருப்பு உங்கள் தங்கம்தான். போதாததற்குக் கரண்டியின் இரும்பும் குடுவைக்குள் இறங்கும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கரண்டி எடுங்கள். எங்கள் ஊர்க் கோடையில் இந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கண்ணெதிரே ஒழுக ஆரம்பிக்கும். பாட்டில் திறந்து எடை போட்டு மூடுவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். முடிந்தால் முழுப் பாட்டிலையும் ஒரே நாளில் தண்ணீரில் கரைத்து, செறிவு எழுதி, இருட்டில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அறிகுறி: ஊதாவாகவோ ஒயின் சிவப்பாகவோ போய்விட்டது

இது நிஜமான கோளாறு. கொத்து இருக்க வேண்டிய இடத்தில் பெரிய துகள் வளர்ந்துவிட்டது.

ஒரு துளியை நீர்த்து வெள்ளைத்தாள் முன்னால் பிடியுங்கள். பால் விடாத தேநீர் மாதிரி இருந்தால் கவலை இல்லை. நாவல்பழச் சாறு மாதிரி இருந்தால் எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 520 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு நிச்சயம் தெரியும். தங்கத் துகள் ஏறத்தாழ 2 நானோமீட்டரைத் தாண்டி வளர்ந்தபின் அதன் எலெக்ட்ரான்கள் கூட்டமாக ஆடத் தொடங்குவதால் வரும் மேடு அது. மைக்கேல் ஃபாரடே 1857-இல் விவரித்த சிவப்புத் தங்கக் கரைசலின் நிறமும் இதே காரணத்தால்தான். தங்கம்-25 அதைவிட மிகச் சிறியது. அதில் எலெக்ட்ரான்கள் மூலக்கூறில் இருப்பதுபோலத் தனித்தனிப் படிகளில் உட்கார்ந்திருக்கும். 520-இல் மேடு வரவே கூடாது.

ஏன் பெரிதாக வளர்ந்தது? பெரும்பாலும் போரோஹைட்ரைடு ஊற்றிய விதத்தில்தான் தப்பு இருக்கும். ஆடி மாதத்தில் இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். மாவை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தூவித் துழாவுவார்கள். சமைத்துப் பழகிய கை குடுவையிலும் அதையே செய்யப் பார்க்கும். இங்கே அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டால் முதல் சொட்டில் சில கருக்கள் மட்டும் பிறக்கும். பின்னால் வரும் தங்கமெல்லாம் புதுக் கரு உண்டாக்காமல் அந்தச் சிலவற்றின் மேலேயே போய் ஒட்டி அவற்றைப் பருக்க வைக்கும். மொத்தமாக ஒரே நொடியில் ஊற்றினால் குடுவை முழுக்க எண்ணற்ற கருக்கள் ஒரே சமயத்தில் பிறந்து, இருக்கிற தங்கத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சிறியதென்றால் கொத்தும் சிறியது. கரு பிறப்பதையும் வளர்வதையும் இப்படிப் பிரித்துப் பார்க்கும் கருத்தை லாமெரும் டைனெகரும் 1950-இல் கந்தகக் கூழ்மத்தை வைத்துச் சொன்னார்கள். தங்கக் கொத்தின் கதை அதைவிடச் சிக்கலானது என்றாலும் ஊற்றும் கைக்கு இந்தப் பாடம் போதும்.

அடுத்த சந்தேகம் போரோஹைட்ரைடின் மேல். ஈரம் பட்டால் அது தன் சக்தியை ஹைட்ரஜனாக இழந்துவிடும். பொடி உதிரியாக இல்லாமல் கட்டி கட்டியாக இருந்தால் அந்தப் பாட்டிலை நம்பாதீர்கள். நீரில் கரைத்த பிறகு மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். ஐஸ் குளிர்ந்த நீரில் கரை, உடனே ஊற்று, அவ்வளவுதான்.

மூன்றாவது, கண்ணாடி. முன்பு செய்த தங்கம் குடுவைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். அதுவே கருவாக வேலை செய்யும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஒரு பங்கு நைட்ரிக் அமிலம் சேர்த்த இராஜ திராவகத்தில் கழுவி, சுத்த நீரில் பலமுறை அலசுங்கள். மெத்தனாலோ அசிட்டோனோ மிச்சம் இருக்கும் குடுவையில் அந்தத் திராவகத்தை ஊற்றவே ஊற்றாதீர்கள், மூடி வைக்கவும் வேண்டாம். கலக்கும் காந்தக் குச்சியையும் மறக்காமல் கழுவுங்கள். அதன் வெள்ளை உறையில் இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால் குற்றவாளி அதுதான்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நகரத்தில் பல இடங்களில் குழாய்த் தண்ணீர் வாரக்கணக்கில் வரவில்லை. அந்தச் சமயத்தில் சுத்திகரித்த நீரைக் கேனில் பிடித்து வைத்துப் பயன்படுத்தினேன்; மூன்று தடவை தொடர்ந்து ஊதா. கேன்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதில் முன்பு உப்புக் கரைசல் இருந்திருக்கிறது. நீரின் மின்தடைத்திறன் 18 மெகா ஓம் சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் இப்போது நான் வேலையையே ஆரம்பிப்பதில்லை.

ஊதாவைத் திருத்த முடியுமா என்று கேட்பார்கள். தயோலைக் கூட்டிச் சூடாக்கினால் கொஞ்சம் கரையும், மையவிலக்குக் கருவியின் வேகச் சுழற்சியில் பெரிய துகளைக் கீழே தள்ளலாம். ஆனால் மிஞ்சுவது கொஞ்சம், அதுவும் கலப்படம். நான் கழிவுப் பாட்டிலில் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்கச் சொல்வேன்.

அறிகுறி: நல்ல பழுப்பு வந்துவிட்டது; ஸ்பெக்ட்ரத்தில் மேடே இல்லை, வெறும் சரிவு

மாணவி தூக்கி வந்த குடுவை இதுதான். 300 நானோமீட்டரில் உயரமாகத் தொடங்கி 900 வரை வழுக்குமரம் மாதிரி இறங்கும் கோடு. இது கோளாறே இல்லை. பிறப்பு முடிந்திருக்கிறது, அமர்வு தொடங்கவில்லை. 10, 15, 18, 22, 25, 29, 33, 39 என்று பல அளவுக் கொத்துகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் மேடும் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால் எல்லாம் சேர்ந்து ஒரே சரிவாகத் தெரிகிறது.

இப்போது கூடுதல் குளூட்டாத்தயோனோடு 55 டிகிரியில் வைத்தால் என்ன நடக்கிறது? தயோல் தங்கத்தை அரிக்கும் பொருளும்கூட. பலவீனமான கொத்துகளைக் கடித்துப் பிய்த்துக் கரைசலுக்கே திருப்பித் தரும். 25-ஐவிடப் பெரியவை தேய்ந்து தேய்ந்து 25-இல் வந்து நிற்கும். சிறியவை முழுக்கக் கரைந்து, தயோல் ஒட்டிய +1 தங்கமாக, அதாவது +1 தங்கத் தயோலேட்டாகப் போய்விடும். 25 மட்டும் அரிப்பைத் தாங்கி நிற்கும். ஜப்பானில் சுகுடாவின் குழு 2007-இல் இதைக் காட்டியது.

25-க்கு மட்டும் ஏன் இந்த உறுதி? இதைப் புரிந்துகொள்ள டிசம்பரில் டர்பன் சாலையோரத்தில் விற்கும் லிச்சிப் பழம் ஒரு குலை வாங்குங்கள், பல்குத்தும் குச்சியும் வேண்டும். ஒரு பழத்தை நடுவில் வையுங்கள். அதன் தலைமேல் ஒன்று, அதற்குக் கீழே வளையமாக ஐந்து, அதற்கும் கீழே ஐந்து, அடியில் ஒன்று. கீழ் வளையத்தின் ஒவ்வொரு பழமும் மேல் வளையத்தின் இரண்டு பழங்களுக்கு நடுவே வருமாறு திருப்பிக் குத்துங்கள். நடுப்பழத்தோடு சேர்த்து 13. எந்தப் பக்கம் உருட்டினாலும் முக்கோண முகங்களாகத் தெரியும், மொத்தம் 20 முகம். வெளிப்பழங்கள் ஒன்றையொன்று சரியாகத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். நடுவிலிருந்து வெளிப்பழத்துக்குள்ள தூரத்தைவிடப் பக்கத்துப் பக்கத்து வெளிப்பழங்களுக்கு இடையேயான தூரம் சுமார் 5% கூடுதல். கட்டித் தங்கத்தில் அணுக்கள் இப்படி அடுக்கப்படுவதில்லை. சின்னக் கொத்தில் இந்த உருண்டை அடுக்கு வசதியாக அமைகிறது. இதையே அடுக்கடுக்காக வளர்த்துக்கொண்டு போனால் 13, 55, 147 என்று எண்கள் வரும் என்று ஆலன் மக்கே 1962-இல் எழுதினார்.

தங்கம்-25-இன் உள்கரு இந்த 13 தான். மிச்சம் 12 தங்க அணுக்கள் வெளியே ஆறு கொக்கிகளாகப் பிரிந்து நிற்கின்றன. ஒவ்வொரு கொக்கியும் கந்தகம், தங்கம், கந்தகம், தங்கம், கந்தகம் என்று வளைந்த சங்கிலி. அதன் இரண்டு முனைக் கந்தகமும் உள்கருவின் ஒவ்வொரு வெளி அணுவைப் பிடித்துக்கொள்ளும். ஆறு கொக்கிக்குப் பன்னிரண்டு முனை, உள்கருவில் பன்னிரண்டு வெளி அணு. பிடிபடாமல் ஒன்றும் மிச்சமில்லை. தயோல் கடிக்க வந்தால் இளக்கமான மூலை ஒன்றும் அகப்படாது. இந்த அமைப்பை 2008-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் படிகத்தில் கண்டன. அதற்கு முந்தைய ஆண்டு, 102 தங்க அணுவும் 44 தயோலும் கொண்ட கொத்தைக் கோர்ன்பெர்க்கின் குழு படிகமாக்கிக் காட்டியிருந்தது. கந்தகம் தங்கத்தின் மேல் சும்மா ஒட்டியிருக்கவில்லை, தங்கத்தையும் சேர்த்துக் கொக்கி போடுகிறது என்பது அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு அதுதான்.

எலெக்ட்ரான் கணக்கும் பொருந்துகிறது. ஒவ்வொரு தங்கமும் ஓர் எலெக்ட்ரான் தரும்: 25. ஒவ்வொரு தயோலேட்டும் ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும்: 18 போயிற்று. கொத்துக்கு ஒரு எதிர்மின்னேற்றம் உண்டு, அதனால் ஒன்று கூடும். மிச்சம் 8. சோடியம் கொத்துகளில் 8, 20, 40, 58 என்ற எண்ணிக்கைகள் மற்றவற்றைவிட அதிகமாகத் தென்படுவதை 1984-இல் நைட் குழுவினர் கண்டார்கள். எலெக்ட்ரான் கூடு நிரம்பும் எண்கள் அவை. 102-இல் 44 போனால் 58, அதுவும் நிரம்பிய கூடு. எல்லாக் கொத்தும் இந்தக் கணக்கில் அடங்காது. 38 தங்கம், 24 தயோல் கொண்டதில் 14 வரும், அது பட்டியலில் இல்லை; அதன் உள்கரு இரண்டு 13-கள் ஒரு முக்கோண முகத்தைப் பங்கு போட்டு ஒட்டிய நீள வடிவம். சிங்கப்பூரில் சியே குழு 2014-இல் போரோஹைட்ரைடுக்குப் பதில், மெதுவாக எலெக்ட்ரான் கொடுக்கும் கார்பன் மோனாக்சைடை வைத்து, வளர்ச்சியை நிதானமாகப் பார்த்தது. இடையில் வரும் கொத்துகளின் எலெக்ட்ரான் கணக்கு 2, 4, 6, 8 என்று இரண்டிரண்டாக ஏறியது. போரோஹைட்ரைடு ஊற்றினால் அந்தப் படிகளையெல்லாம் கண்ணால் பிடிக்க முடியாது.

சரி, செய்ய வேண்டியது என்ன? பொறுத்திருங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து நீர்த்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். முதலில் 670 பக்கம் சரிவில் ஒரு சின்னத் தோள்பட்டை புடைக்கும். அப்புறம் 450, 400 இரண்டிடத்திலும் மடிப்பு தெரியும். 670-இல் தெளிவான முகடு எழுந்து, அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளில் அது மேலும் வளராமல் நின்றுவிட்டால் அமர்வு முடிந்தது. சில தொகுதிகளுக்கு 12 மணி போதாது. கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தாதீர்கள், கோட்டைப் பார்த்து நிறுத்துங்கள். காற்று படும்படி வைப்பதும் முக்கியம், இந்த அரிப்புக்கு ஆக்சிஜன் வேண்டும்.

அறிகுறி: 670 முகடு வந்து, பிறகு காணாமல் போனது, கரைசல் வெளுத்து அடியில் வெள்ளைப் படிவு

கொஞ்சம் வெள்ளைப் படிவு வருவது இயல்பு. அது சிறு கொத்துகள் கரைந்து உண்டான +1 தங்கத் தயோலேட்டு. சுழற்சியில் கீழே தள்ளிவிட்டு மேல் நீரை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் நீரும் வெளுத்துவிட்டால்தான் வருத்தப்பட வேண்டும். 25-உம் அழிந்துவிட்டது.

2023-இல் இங்கே மின்வெட்டு மிக மோசமாக இருந்தது. ஒரு நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு வெள்ளிக்கிழமை இரவு குளியலை 55-இல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மின்சாரம் போய்த் திரும்பியபோது அந்தச் சூடேற்றி என் எண்ணை மறந்து, அதன் சொந்த எண்ணுக்குப் போயிருக்கிறது. சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது குளியல் 80 தாண்டியிருந்தது. குடுவையில் இளமஞ்சள் நீரும் அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு படலமும். மூன்று நாள் வேலை. அன்று முதல் வெப்பமானி இல்லாமல் நான் எதையும் இரவில் விடுவதில்லை. மின்வெட்டு நேரம் தெரிந்தால் அதற்கு முன்பே அடுப்பை அணைத்துக் குடுவையை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். அமர்வைப் பாதியில் குளிரவைத்து மறுநாள் தொடரலாம், அதனால் கெடுதல் எதையும் நான் பார்த்ததில்லை. அதிகச் சூடுதான் கெடுக்கும்.

சூடு சரியாக இருந்தும் வெளுத்தால் குளூட்டாத்தயோனை அளவுக்கு மேல் கொட்டியிருப்பீர்கள், அல்லது முகடு நின்ற பிறகும் பல மணி நேரம் விட்டிருப்பீர்கள். 25 உறுதியானது என்றாலும் கல் இல்லை.

அறிகுறி: யுவி டார்ச் அடித்தால் ஆரஞ்சாகப் பளபளக்கிறது

பார்க்க அழகாக இருக்கும், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். ஆனால் குளூட்டாத்தயோன் போட்ட தங்கம்-25 இப்படிப் பிரகாசிக்காது. அதன் ஒளிர்வு மங்கலானது, பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் இருக்கும். பளிச்சென்ற ஆரஞ்சு என்றால் சின்ன உள்கருவைச் சுற்றி நீளமான +1 தங்கத் தயோலேட்டுச் சங்கிலிகள் மண்டிய பொருள் உங்களிடம் இருக்கிறது. அந்தச் சங்கிலிகள் நெருக்கமாகக் கட்டுண்டு அசையாமல் நிற்கும்போது ஒளிர்வு கூடும்.

போரோஹைட்ரைடு வலு இழந்திருந்தால், அல்லது அதை ஊற்ற மறந்து தங்கத்தையும் குளூட்டாத்தயோனையும் மட்டும் சூடாக்கினால் இது வரும். 70 டிகிரியில் ஒரு நாள் வைத்து இதைத் தெரிந்தே செய்பவர்களும் உண்டு. செக்கச் சிவப்பாக 665 பக்கம் ஒளிர்ந்தால் 22 தங்கம், 18 தயோல் கொண்ட கொத்தாக இருக்க வாய்ப்பு உண்டு. உயிரணுக்களைப் படம் பிடிக்க உங்களுக்கு ஒளிர்வுதான் வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 25 வேண்டும் என்றால் பிறப்புப் படிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: ஜெல்லில் பட்டைகள் ஒன்றோடொன்று ஒழுகுகின்றன, எடை சரியாக வரவில்லை

கொத்துகளை அளவு வாரியாகப் பிரிக்க, மின்சாரம் பாய்ச்சி ஜெல்லுக்குள் ஓடவிடுவோம். இந்தக் கொத்துகளுக்குச் சாயம் தேவையில்லை, ஜெல்லில் தாமாகவே வண்ணப் பட்டைகளாக ஓடும். பிரிக்கும் பகுதியை 30% அக்ரிலமைடில் செய்யுங்கள். அதைவிட இளக்கமாகச் செய்தால் 22-உம் 25-உம் ஒன்றாகவே போகும். அவசரப்பட்டு மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஜெல் சூடாகிப் பட்டை புன்னகை மாதிரி வளையும். மாதிரியில் உப்பு மிச்சம் இருந்தாலும் பட்டை வழியும்; மெத்தனாலில் மறுபடி வீழ்படிவாக்கிக் கழுவுங்கள். அக்ரிலமைடு நரம்புக்குக் கேடு, கையுறை இல்லாமல் தொடவேண்டாம்.

நிறை நிறமாலைக் கருவியில் மூலக்கூறின் எடை பார்க்கும்போது உப்பு இன்னும் பெரிய தொல்லை. இந்தக் கொத்துக்கு 1998-இல் முதலில் எழுதிய வாய்பாடு 28 தங்கம், 16 குளூட்டாத்தயோன். 2005-இல்தான் சுகுடாவின் குழு அதை 25, 18 என்று திருத்தியது. கூட்டிப் பாருங்கள்: 28-க்கும் 16-க்கும் 10,416, 25-க்கும் 18-க்கும் 10,438. வித்தியாசம் 22 தான். ஒரு ஹைட்ரஜன் போய் ஒரு சோடியம் ஒட்டினாலும் எடை 22 கூடும். உப்பு நீக்காத மாதிரியை வைத்துக்கொண்டு எந்த வாய்பாட்டையும் அடித்துச் சொல்லாதீர்கள்.

அறிகுறி: கரிமக் கரைப்பானில் செய்த கொத்து பச்சையாகிவிட்டது

குளூட்டாத்தயோனுக்குப் பதில் ஃபீனைல் எத்தேன் தயோல் போட்டு டிஎச்எஃப் கரைப்பானில் செய்பவர்களுக்கு இது. செம்பழுப்பாக இருந்தது சில நாளில் பச்சை ஆகும். கொத்து உடையவில்லை. காற்றின் ஆக்சிஜன் ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டது: 8 போய் 7, எதிர்மின்னேற்றம் போய் நடுநிலை. ஸ்பெக்ட்ரத்தில் 800 பக்கத்துத் தோள்பட்டை மறைந்து 400 மேடு கூர்மையாகும். ஒரு சிட்டிகை போரோஹைட்ரைடு போட்டால் பழைய நிறம் திரும்பும். படிகமாக்க வேண்டும் என்றால் மட்டும் இரண்டும் கலந்திருக்க விடாதீர்கள், முழுக்க ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: சுத்தமாக இருந்த மாதிரி, வேறொன்றோடு கலந்த பிறகு மாறியது

பக்கத்து மேசையில் வெள்ளிக் கொத்து செய்கிறார்களா? பிப்பெட் முனை மாறியிருந்தால் காரணம் அதுதான். தங்கம்-25-ஐயும் வெள்ளி-44-ஐயும் ஒன்றாக ஊற்றினால் அறை வெப்பத்திலேயே உலோக அணுக்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு இதை 2016-இல் எழுதியது. தாவிய பிறகும் மொத்த எண்ணிக்கை 25 ஆகவும் 44 ஆகவுமே நிற்கும், அதனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. எடை பார்த்தால் தங்கத்துக்குப் பதில் வெள்ளி வந்த ஒவ்வோர் இடத்துக்கும் சுமார் 89 குறைந்திருக்கும். பிப்பெட்டைத் தனியாக வையுங்கள், வேறு மருந்து இல்லை.

தயோலை மாற்றினாலும் அமைப்பு மாறும். பெரிய ஆள் நுழைந்தால் பழைய வீடு போதாது. ஃபீனைல் எத்தேன் தயோல் கொண்ட தங்கம்-25-ஐப் பருமனான பியூட்டைல் பென்சீன் தயோலில் சூடாக்கினால் 28 தங்கம், 20 தயோல் கொண்ட வேறு கொத்தாக எழும். அதே தயோலில் தங்கம்-38, தங்கம்-36 ஆகிவிடும். ஆகவே ஏதோ சின்ன வால் மாற்றம் என்று நினைத்துத் தயோலை மாற்றிவிட்டு, பழைய முகடுகளைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

அறிகுறி: எடை அதேதான், ஸ்பெக்ட்ரம் மட்டும் வேறு

இதுதான் மிக அரிது, தவறவிட எளிது. அணுக்கள் அதே எண்ணிக்கையில் இருந்தும் அடுக்கு வேறாக இருக்கலாம். 38 தங்கம், 24 தயோல் கொண்ட கொத்துக்கு இரண்டு அமைப்பு உண்டு என்று 2015-இல் படிகத்திலேயே காட்டினார்கள். ஒன்றை 50 டிகிரியில் வைத்தால் மற்றதாக மாறும், பிறகு திரும்பி வராது. ஸ்பெக்ட்ரம் எடுத்த நாளைக்கும் படிகம் வைத்த நாளைக்கும் இடையில் உங்கள் குப்பி எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். டர்பன் வெயிலில் மதியம் பூட்டி நிறுத்திய கார் உட்புறம் 50-ஐ எளிதில் தொடும். மாதிரியை வேறு வளாகத்துக்குக் கொண்டு போக வேண்டியிருந்தால் ஐஸ் பெட்டியில் வையுங்கள், போய்ச் சேர்ந்ததும் படிகத்துக்குப் போடும் முன் இன்னொரு தடவை ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பழையதன் மேல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.